சீனக்குடாவில் விழுந்த குண்டும் தோக்கியோவில் இருந்த பேரரசரும்: திருகோணமலை போர்க்கால உலா பற்றி

இரண்டாம் உலகப் போரின் தடங்களைக் காட்டும், வான் (van) வண்டியில் போகும் அரைநாள் பயணம் இது. காலை 7 மணிக்கு உப்புவெளியில் ஏற்றுகிறார்கள். சாம்பல்தீவு யுத்த மயானம், சீனக்குடா எண்ணெய்க் குதங்கள், ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகம், கடைசியில் கோட்டை வாசல் என்பது வரிசை. இடங்களைக் காட்டும் விதம் அருமை. கோளாறு இருப்பது கோட்டை வாசலில், ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோவைப் பற்றிச் சொல்லி முடிக்கும் கதையில்.

மயானத்தை முதலில் வைத்தது சரியான முடிவு. அங்கே நிழல் குறைவு, 9 மணிக்குப் பிறகு கல்வெட்டுகளை நின்று வாசிக்க முடியாது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

சீனக்குடாவில்தான் நேரம் போதாது. பிரித்தானியர் கட்டிய குதங்களில் பல இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த குதத்தின் தகடுகள் மெழுகுபோல உருகி மடிந்து கிடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். விளிம்புத் துரு கையை வெட்டும், தொடவேண்டாம். நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் போட்டுப் போங்கள். உள்ளே போக முன் அனுமதி வேண்டும். அதை அவர்களே எடுத்துத் தருகிறார்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.

ஒரு விமானம் நேரே அந்தக் குதத்தில் மோதியது என்பது ஊரறிந்த கதை. வழிகாட்டி அதைப் 'பேரரசருக்காக உயிர் விட்ட கமிகாசே' என்கிறார். அது பிழை. கமிகாசே எனப்படும் தற்கொலைத் தாக்குதல் படைப்பிரிவுகள் 1944 ஒக்டோபரில் பிலிப்பைன்ஸில்தான் அமைக்கப்பட்டன. 1942இல் அப்படி ஒரு கட்டளை எந்த விமானிக்கும் இல்லை. அன்று வந்தவை ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து எழுந்த விமானங்கள். எச்சரிக்கை கிடைத்து முந்திய இரவே துறைமுகத்தை விட்டுப் போன பிரித்தானிய விமானந்தாங்கி 'ஹேர்மிஸ்' கப்பலையும் மட்டக்களப்புக்கு அப்பால் பிடித்து மூழ்கடித்தார்கள். அதில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். அதன் சொந்த விமானங்கள் அப்போது கப்பலில் இருக்கவில்லை.

இனிக் கோட்டை வாசல். லமினேட் செய்த ஒரு படத்தைக் கையில் தருகிறார்கள். 1945 செப்டெம்பர் 27இல் தோக்கியோ அமெரிக்கத் தூதரகத்தில் எடுத்தது. கழுத்துப் பொத்தான் திறந்த சட்டையோடு, கைகளை இடுப்பில் வைத்து, தோற்ற ஜப்பானை ஆள வந்த அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் நிற்கிறார். பக்கத்தில் முழு உடுப்பில், கைகள் தொங்க, விறைத்தபடி பேரரசர். 'பாவம், இவர் கையெழுத்து மட்டும் போட்டவர், எல்லாம் டோஜோவின் வேலை' என்று, போர் தொடங்கியபோது பிரதமராக இருந்தவர்மேல் பழியைப் போட்டு வழிகாட்டி முடிக்கிறார்.

அந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வீடு திரும்பக்கூடாது. 1889 அரசியலமைப்பின்படி தரைப்படைக்கும் கடற்படைக்கும் தலைவர் பேரரசர். படைத்தலைமை அதிகாரிகள் பிரதமரிடம் அல்ல, நேரே அவரிடமே அறிக்கை கொடுத்தார்கள். 1936 பெப்ரவரியில் இளம் அதிகாரிகள் கலகம் செய்தபோது, தளபதிகள் தயங்கி நிற்க, அடக்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றவர் அவர். 1941 செப்டெம்பர் 5இல் தரைப்படைத் தலைவர் சுகியாமா, தென்கிழக்காசியாவைப் பிடிக்கும் தெற்குப் போர் மூன்று மாதத்தில் முடியும் என்றதும், 'சீனாவிலும் ஒரு மாதம் என்றீர்கள், நாலு வருடமாகியும் முடியவில்லையே' என்ற கருத்தில் கடிந்துகொண்டார். கேள்வி கேட்கத் தெரிந்தவர், டிசெம்பர் 1 மாநாட்டில் போருக்கு ஒப்புதல் கொடுத்தார். தனியே நினைத்ததெல்லாம் நடத்திய சர்வாதிகாரி என்பதும் பிழைதான். அமைச்சரவையும் படைகளும் ஒருமித்துக் கொண்டுவந்ததை மறுக்காமல் விடுவதே அங்கே மரபு. ஆனால் 1945 ஓகஸ்ட் 9 இரவு, போர்க்குழுவின் ஆறு பேர் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றபோது, பிரதமர் சுசுகி அவரிடமே கேட்டார். சரணடையும் பக்கம் அவர் சொன்னார். 15ஆம் தேதி நண்பகல் வானொலியில் பேசினார், 'சரணடைவு' என்ற சொல் மட்டும் அதில் இல்லை. முடிக்கச் சொல்ல முடிந்தவரால் தொடங்கும்போது ஏன் முடியவில்லை? வழிகாட்டியிடம் இதைக் கேளுங்கள்.

'டோஜோவின் வேலை' என்ற கதை எங்கிருந்து வந்தது என்பதையும் உலாவில் சேர்க்கவேண்டும். 1946 ஜனவரி 25இல் மக்ஆர்தர், அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஐசனோவருக்குத் தந்தி அடித்தார்: பேரரசரை விசாரித்தால் பத்து லட்சம் படையினர் தேவைப்படலாம். ஆட்சி நடத்த அவர் தேவைப்பட்டார், அதனால் தோக்கியோ போர்க்குற்ற வழக்கில் குற்றவாளியாக அவர் பெயரே வரவில்லை. 1947 டிசெம்பர் 31இல் டோஜோ சாட்சிக் கூண்டில், பேரரசரின் விருப்பத்துக்கு எதிராக எந்த ஜப்பானியரும் நடக்கமாட்டார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஒரு கிழமைக்குள், ஜனவரி 6இல், அதைத் திருத்த வைத்தார்கள். 1948 டிசெம்பர் 23இல் டோஜோ உட்பட ஏழு பேர் தூக்கில் ஏறினார்கள். பிரெஞ்சு நீதிபதி பேர்னார், முக்கிய பொறுப்பாளி தப்பினார் என்று தன் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். ஹிரோஹிட்டோ, 1947 மே 3இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பில் நாட்டின் 'சின்னம்' ஆகி, 1989 ஜனவரி 7 வரை அரியணையில் இருந்தார்.

உலாவின் கடைசிக் கதை, ஜப்பானோடு சமாதானம் செய்த 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாடு. விமானத் தாக்குதலின் சேதத்துக்கு இழப்பீடு கேட்க உரிமை உண்டு, ஆனால் கேட்கமாட்டோம் என்று ஜே.ஆர். ஜயவர்தன அங்கே சொன்னது இந்த ஊர்க் குண்டுகளையும் சேர்த்துத்தான். இதை நன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் மன்னித்த கதைக்கு முன்னால், யார் பொறுப்பு என்ற கதைக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்கவேண்டும்.

போகலாமா என்றால், கட்டாயம் போங்கள். துறைமுகம் பார்க்க ஓர்ஸ் ஹில்லில் காலை வெளிச்சம் நல்லது, அதனால் பின்னேரப் பயணத்தைத் தவிருங்கள். கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் ஹூட் கோபுர அருங்காட்சியகம் இந்த உலாவில் இல்லை, அதற்குத் தனியாக அனுமதி எடுக்கவேண்டும். படத்தைக் கையில் தரும்போது உடனே திருப்பிக் கொடுக்காமல், இரண்டு பேரின் கைகளையும் ஒருதடவை நிதானமாகப் பாருங்கள்.