சுருக்கியா, பெயிண்டா, தகரமா: ஒழுகுகிற தட்டட்டிக்கு எது சரி?

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டைப் பக்கம் கொத்தனாரைப் பிடிக்க முடியாது. போனை எடுத்தாலும் “மழை வெறிக்கட்டும் அண்ணாச்சி” என்பார். மழை வெறித்ததும் தட்டட்டி, அதாவது மொட்டைமாடி, ஒழுகியது நமக்கே மறந்துபோகும். அடுத்த வருசம் அதே இடத்தில் ஈரவட்டம் இன்னும் அகலமாகத் தெரியும். அதற்கடுத்த வருசம் காறை பெயர்ந்து கம்பி தெரியும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும். கான்கிரீட்டை வெடிக்க வைப்பது அந்த உப்பல்தான்.

என்ன பூசலாம் என்று யோசிக்கும் முன் அது எந்தத் தண்ணீர் என்று பார்த்துவிட வேண்டும். சித்திரையிலும் ஈரம் காயவில்லை என்றால் குற்றம் மழைமேல் இல்லை. கக்கூஸ் தரையோ பைப்போ டேங்க்கோதான் காரணம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, டேங்க்கில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கரிக்கோடு போட்டு வையுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பிளஷ் டேங்க்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். யாரும் அழுத்தாமலே கோப்பையில் நீலம் இறங்கினால் வால்வு போயிருக்கிறது. மழைத்தண்ணீர்தான் சந்தேகம் என்றால் தட்டட்டிப் பைப் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விடுங்கள். தளம் ஏற்கெனவே பலவீனமாகத் தெரிந்தால் மட்டும் இது வேண்டாம். கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்துவிடவும் கூடாது. தண்ணீர் தளத்துக்குள் நாலைந்து அடி ஓடிக்கூட இறங்கும்.

மழைதான் என்று உறுதியானால் நம் ஊரில் போட்டி பெரும்பாலும் மூன்று வழிகளுக்குள்.

சுருக்கி போட்டு, மேலே தட்டோடு எனும் தட்டையான ஓடு பதிப்பது பழைய வழி. உடைத்த செங்கல் ஜல்லியும் நீர்த்த சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலம் பரப்பி, கட்டையால் அடித்து இறுக்குவார்கள். பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. வெல்லம் கரைத்த சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அடிக்க வேண்டும். நன்றாக அடிபட்ட சுருக்கியில் கட்டை விழுந்தால் ‘டங்’ என்று திரும்பும், அடிபடாததில் ‘சொத்’ என்று அமுங்கும். இதன் உண்மையான பலம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. ஒரே கனத்தில் போடாமல் பைப் வாயைப் பார்த்துச் சரித்துக்கொண்டு வருவதால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். வெயிலும் கீழே அவ்வளவாக இறங்காது. குறை இரண்டு: பொறுமையாக அடிக்கிற ஆள் இப்போது குறைவு, எடையோ சதுர அடிக்கு ஏறக்குறைய 13 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 13 டன், தட்டோடு அதற்கு மேல். பொத்துப்போன பழைய தளத்தின் தலையில் இதை ஏற்றுவது ஆபத்து.

பெயிண்ட் வழி சுளுவு. “ரெண்டு கோட்டு அடிச்சா போதும், அப்புறம் பாக்காண்டாம்” என்பார்கள். பாதி உண்மை. வெள்ளையாக அடித்தால் வீடும் குளிரும். ஆனால் நம் வெயிலில் 30 அடித் தளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், ராத்திரி சுருங்கும். இந்த இழுபறியில் முதலில் வாய் பிளப்பது கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. அந்த மூலையை உருட்டிப் பூசி, விரிசலில் வலை ஒட்டி, அதன்மேல் அடிக்காத பெயிண்ட் எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் வீண்தான். தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் இடத்தில் சாதாரண அக்ரிலிக் பெயிண்ட் ஊறி உரிந்துவிடும். வாட்டம் இல்லாத தளத்துக்கு அதை நான் சொல்லவே மாட்டேன். பாலியுரேத்தேன் வகை அங்கே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், விலை கூட.

மூன்றாவது, தகர ஷீட். தண்ணீரைத் தளத்திலேயே விழவிடாது, அந்த வகையில் ஜெயித்தது இதுதான். ஆனால் ஆனி ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றைக் கயத்தாறு, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். அங்கெல்லாம் கம்பிக்கால் உறுதியில்லாத ஷீட் பறக்கும். வத்தல் வடகம் காயப்போட வெயிலும் போச்சு. தளம் தாங்காது, உடனே இடித்துக் கட்டவும் வழியில்லை என்பவர்களுக்கு மட்டும்தான் இது.

தார் ஷீட்டும் உண்டு. நெருப்பு காட்டி ஒட்டுவது. ஒன்றின்மேல் ஒன்று நாலு அங்குலம் ஏற வேண்டும், மேலே வெயில் படாமல் மூட வேண்டும். தட்டோட்டுக்கு அடியில் போட்டால் நல்லது, வெறுமனே விட்டால் வெடித்துவிடும்.

புது வீடென்றால் நான் யோசிக்காமல் சுருக்கி பக்கம். இருபது முப்பது வருசமான, வாட்டம் சரியாக உள்ள தளத்துக்கு மூலை வேலையோடு பெயிண்ட் போதும். கல்லிடைக்குறிச்சியில் இருப்பதுபோல மரக்கட்டை அடுக்கிச் செங்கல் பாவிய சுண்ணாம்பு மச்சு என்றால் பெயிண்ட் டப்பாவைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட வேண்டும். அதன் வாயை அடைத்தால் உள்ளே மரம் உளுத்துப்போகும். அதற்குச் சுண்ணாம்பே மருந்து.

எதைப் போட்டாலும் 2023 டிசம்பர் மாதிரி மழைக்கு உத்தரவாதம் யாரும் தர முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் பூச்சைவிடப் பைப் வாய்தான் வீட்டைக் காப்பாற்றும். 400 சதுர அடிக்கு ஒரு நாலு அங்குலப் பைப்பாவது வேண்டும், அதன் வாயில் வேப்பஞ்சருகு அடைந்திருக்கக் கூடாது.

வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. தளம் காய்ந்திருக்கும், சுருக்கியை நனைக்கக் கிணற்றில் தண்ணீரும் கிடக்கும். கொத்தனாரும் போனை எடுப்பார்.