வணக்கமா, கும்பிடா?

இரண்டும் மரியாதைதான். ஆனால் வணக்கத்தை வாயால் சொல்லலாம், கும்பிடைப் போடத்தான் வேண்டும். 'கும்பிடு சொன்னார்' என்று யாரும் எழுதுவதில்லை.

வணங்குதல் என்றால் முதலில் வளைதல். திருக்குறள் 827-இல் வரும் 'வில்வணக்கம்' வில்லின் வளைவுதான். வில் வளைவது தீங்கு செய்யத்தான், பகைவனின் பணிவான பேச்சும் அப்படியே என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில் கைக்கு வருகிறார்: தொழுத கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்குமாம். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்றைய வணக்கத்தில் வளைவு கிட்டத்தட்ட இல்லை. தொலைபேசியிலும் வானொலியிலும் வெறும் குரலாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேடையில் பேச எழுபவரும் கடிதம் எழுதுபவரும் அதில்தான் தொடங்குகிறார்கள்; யாரும் யாருக்கும் சொல்லலாம்.

கும்பிடு அப்படியில்லை. அதற்குக் கை குவிய வேண்டும். 'சாமி கும்பிடப் போனேன்' என்பதுதான் வீட்டுப் பேச்சு. 'இறைவனை வணங்கினேன்' என்றால் எழுத்து வாடை அடிக்கும். மனிதருக்குப் போடும்போது கொஞ்சம் சிக்கல். 'கும்பிடுறேன் சாமி' என்ற பழைய வழக்கில் மேல் கீழ் பார்க்கும் சாதி அடுக்கு தெரிகிறது. அதனால் பொது இடத்தில் நான் வணக்கத்தையே எடுப்பேன்.

அப்புறம் கிண்டல். 'அந்த வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு' என்றால் ஆளை விடு என்று பொருள். இதில் கும்பிடை அடிக்க வணக்கத்தால் முடியாது.