உப்பைக் குறைப்பதா, உப்பையே மாற்றுவதா? பிரஷர் உள்ள வீட்டின் அடுப்படிக்கு ஆய்வுகள் சொல்வது

அம்மாவின் அடுப்படி மேடையில் இப்போது மூன்று உப்பு இருக்கிறது. பீங்கான் ஜாடியில் கல் உப்பு. பக்கத்தில், பிரஷருக்கு நல்லது என்று சின்ன அத்தை வாங்கிக் கொடுத்த இளஞ்சிவப்பு இந்துப்பு. மூன்றாவது, நான் வாங்கி வைத்த, பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' பாக்கெட். அம்மா ஆறு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் கடைசியில் ஒரு வரி வரும்: "உப்பைக் குறைச்சுக்கோங்கம்மா." எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த உப்பு, எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

அதனால் உட்கார்ந்து ஆய்வுகளைப் படித்தேன். என் கேள்வி எளிமையானது. உப்பைக் குறைப்பது, இந்துப்புக்கு மாறுவது, பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறுவது. இந்த மூன்றில் எது பக்கவாதத்தையும் மாரடைப்பையும் உண்மையிலேயே தள்ளிப்போடுகிறது?

முதலில் நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். 2017-18இல் நடந்த தேசிய அளவிலான தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் இந்தியர்களின் சராசரி 8 கிராம் என்று வந்தது. வீட்டிலேயே இதைக் கணக்குப் போடலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதம் வந்தால், தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராமுக்குச் சற்று மேல். 5 கிராமில் நிற்க வேண்டுமென்றால் அதே நான்கு பேருக்கு மாதம் 600 கிராம்தான். பாத்திரத்தில் தங்குவது, தண்ணீரோடு வடிந்து போவது கொஞ்சம் இருக்கும். ஆனால் கடையில் வாங்கும் மிக்சரும் ஓட்டல் சாப்பாடும் இந்தக் கணக்கில் வரவில்லையே, அதற்கு இது சரியாகப் போகும்.

எங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 26 நாளில் தீர்ந்தது. நான்கு பேர். தலைக்கு 9 கிராமைத் தாண்டிவிட்டது. "நான் கம்மியாத்தான் போடுறேன்" என்று அம்மா சொன்னது பொய்யில்லை. அவர் நாக்குக்கு அது கம்மி.

இந்துப்பு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்துப்பு என்பது பூமிக்குள் இருந்து வெட்டியெடுக்கும் பாறை உப்பு. அதிலும் ஏறக்குறைய எல்லாமே சோடியம் குளோரைடுதான். அந்த இளஞ்சிவப்புக்குக் காரணம் இரும்பு போன்ற தாதுக்கள் மிகச் சிறிதளவு கலந்திருப்பது. அந்த அளவில் அவற்றால் ரத்த அழுத்தத்துக்கு எந்தப் பலனும் வராது. ஒரு கரண்டி இந்துப்பு ஒரு கரண்டி சாதாரண உப்புக்குச் சமம். பிரஷருக்கு நல்லது என்று நம்பி இன்னும் அரைக் கரண்டி கூடப் போட்டால் நஷ்டம்தான்.

இன்னொரு விஷயம் எனக்குக் கவலை தருகிறது. இந்துப்பு பல பாக்கெட்டுகளில் அயோடின் சேர்க்காமல் வருகிறது. 2018-19இல் நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் பங்கில் நாட்டிலேயே கடைசி வரிசையில் நின்றது தமிழ்நாடு. தூத்துக்குடி உப்பளங்களை வைத்துக்கொண்டு நாம் இந்த நிலையில் இருக்கிறோம். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் அயோடின் இல்லாத உப்புக்கு மாறவே கூடாது. அத்தை அன்போடு கொடுத்ததுதான். ஆனாலும் பிரஷர் என்ற காரணத்துக்காக அந்த டப்பாவுக்கு மேடையில் இடமில்லை.

குறைப்பது

உப்பைக் குறைத்தால் பிரஷர் இறங்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், உயிருக்கு ஆபத்தான அளவு ரத்த அழுத்தத்தோடு வந்தவர்களுக்குச் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் கொடுத்தார். உப்பு அறவே இல்லை. நல்ல மருந்துகள் இல்லாத காலம் அது. அப்போதே பலருக்கு அழுத்தம் இறங்கியது. நம் ஊர்ச் சோறு அங்கே மருந்தாக இருந்தது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அதைத் தொடர்ந்து சாப்பிட யாரால் முடியும்?

2001இல் வெளியான 'டேஷ் சோடியம்' ஆய்வு இன்னும் கறாரானது. 412 பேருக்குச் சாப்பாடு முழுவதையும் ஆய்வுக் குழுவே சமைத்துக் கொடுத்தது. வழக்கமான அமெரிக்கச் சாப்பாட்டில் வேறு எதையும் தொடாமல், சோடியத்தை மட்டும் அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மேல் பிரஷர் சராசரியாக 6.7 புள்ளி இறங்கியது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவையும் சேர்த்தபோது, ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்கு 11.5 புள்ளி வரை வித்தியாசம். ஒரு மாத்திரை செய்யும் வேலை அது.

சரி, அப்படியானால் இங்கேயே முடிவு சொல்லிவிடலாமே? முடியாது. அந்த 412 பேருக்கும் வேறொருவர் அளந்து சமைத்துப் போட்டார். நம் வீட்டில் அளப்பது அம்மாவின் கை. பேரன் "சப்புன்னு இருக்கு பாட்டி" என்றால் மறுநாள் அந்தக் கை தானாகவே இன்னொரு சிட்டிகை போடும். தொடர்ந்து ஆலோசனை கொடுத்து உப்பைக் குறைக்க வைத்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் நடந்த அப்படிப்பட்ட இரண்டு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களை 10 முதல் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, குறைத்த குழுவில் இதய, ரத்தக்குழாய் நோய்கள் சுமார் 25 சதவீதம் குறைவாக இருந்தன. ஆனால் அவர்களுக்கு மாதக்கணக்கில் வகுப்பு எடுத்து, கூடவே இருந்து கவனித்தார்கள். டோக்கன் வரிசையில் கிடைக்கும் அந்த ஒற்றை வரி அந்த ஆலோசனைக்கு ஈடாகாது.

மாற்றுவது

பொட்டாசியம் கலந்த உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். இதைப் பற்றிய பெரிய ஆய்வு சீனாவில் நடந்தது. வடசீனாவில் ஐந்து மாகாணங்கள், 600 கிராமங்கள், 20,995 பேர். பெரும்பாலானோர் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள். மற்றவர்கள் 60 வயதைத் தாண்டிய, பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். சமையலுக்கு மட்டுமல்ல, ஊறுகாய் போடவும் அதேதான். மற்ற கிராமங்களில் வழக்கமான உப்பு தொடர்ந்தது.

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021இல் முடிவு வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. பெரிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 13 சதவீதம் குறைவு. எந்தக் காரணத்தாலான மரணமும் 12 சதவீதம் குறைவு. மேல் பிரஷரில் வித்தியாசம் என்று பார்த்தால் 3 புள்ளிக்குச் சற்று மேல்தான். அந்தச் சின்ன இறக்கம் இத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நான் இரண்டு முறை படித்துத்தான் நம்பினேன்.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது வேறொரு ஆய்வு. குறைப்பதையும் மாற்றுவதையும் ஒரே களத்தில் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு அது. சீனாவில் 48 முதியோர் இல்லங்கள். சில இல்லங்களின் சமையலறையில் உப்பை மாற்றினார்கள். சிலவற்றில் சமையலறைக்குத் தரும் உப்பின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சிலவற்றில் இரண்டையும் செய்தார்கள். சிலவற்றில் எதையும் தொடவில்லை. இரண்டு ஆண்டுகள். உப்பை மாற்றிய இல்லங்களில் மேல் பிரஷர் 7.1 புள்ளி இறங்கியது, இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 40 சதவீதம் குறைந்தன. அளவைக் குறைத்ததால் மட்டும் பிரஷரில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் வரவில்லை. சமையல் முழுவதும் ஒருவர் கட்டுப்பாட்டில் இருக்கும் முதியோர் இல்லத்திலேயே குறைப்பது தோற்றது என்றால், நம் வீட்டில் என்ன ஆகும்?

சீனர்கள் நம்மைவிட அதிகமாக உப்பு சாப்பிடுகிறவர்கள், அது இங்கே செல்லுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெலங்கானாவில், சித்திப்பேட்டை மாவட்டக் கிராமங்களில் பிரஷர் உள்ள 502 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 70க்கு 30 கலந்த உப்பு, மூன்று மாதம். எது எந்த உப்பு என்று யாருக்கும் தெரியாது. மேல் பிரஷர் 4.6 புள்ளி கூடுதலாக இறங்கியது. பருப்பும் புளியும் மிளகாயும் உள்ள சமையல் அது, நம் சமையலுக்கு நெருக்கமானது.

ஏன் இப்படி வேலை செய்கிறது? இரண்டு பக்கமும் லாபம். சோடியம் குறைகிறது, பொட்டாசியம் கூடுகிறது. உடலில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. காய்கறி, பழம் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் பற்றாக்குறையாகவே இருக்கும். அந்த 600 கிராம ஆய்வில் மக்களின் சிறுநீரைப் பரிசோதித்தபோது, நாளைக்குச் சோடியம் 0.35 கிராம் குறைந்திருந்தது, பொட்டாசியம் 0.8 கிராம் கூடியிருந்தது. பலனில் பெரும் பங்கு பொட்டாசியத்தால் வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். வெறுமனே குறைப்பதில் அந்தப் பாதி கிடைப்பதே இல்லை.

கணக்கிலும் இது நம் பழக்கத்துக்கு ஒத்துவருகிறது. அமெரிக்காவில் சோடியத்தில் 70 சதவீதத்துக்கு மேல் கடைப் பண்டங்களிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிறது. அங்கே வீட்டு உப்பை மாற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நம் ஊரில் பெரும்பகுதி இன்னும் வீட்டு அடுப்பிலிருந்துதான் வருகிறது. அம்மா கையளவை மாற்றாமல் அதே 8 கிராம் போட்டாலும், 75க்கு 25 கலவையில் சோடியம் உப்பு 6 கிராம்தான் உள்ளே போகும்.

யார் தொடக்கூடாது

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அத்தை என் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். அத்தைக்கு 15 வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கிவிட்டது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் இந்த உப்பைத் தொடவே கூடாது. பழுதான சிறுநீரகத்தால் கூடுதல் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். அது அளவுக்கு மீறிப் போனால் இதயத்துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். பெரும்பாலும் முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது. அந்த 600 கிராமச் சீன ஆய்வில் உயர் பொட்டாசியத்தால் வந்த ஆபத்து இரண்டு குழுவிலும் ஒரே அளவில்தான் இருந்தது, உண்மைதான். ஆனால் கடுமையான சிறுநீரக நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களை அவர்கள் முதலிலேயே ஆய்வில் சேர்க்கவில்லை. நம் ஊரில் எத்தனை பேருக்குத் தங்கள் சிறுநீரகத்தின் நிலை தெரியும்?

மாத்திரையையும் பாருங்கள். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியவை. இவை நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரைகள். இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாறக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் நிபந்தனையோடுதான் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் அந்தப் பரிந்துரையில் சேரவில்லை. ஆனால் நான் வாங்கிய பாக்கெட்டில் முன்பக்கம் இதயம் படம் பெரிதாக இருந்தது, சிறுநீரக எச்சரிக்கை பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அத்தை கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. இது எனக்குக் கோபம் தருகிறது. அந்த எச்சரிக்கை முன்பக்கம் வர வேண்டும்.

அம்மாவும் டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்தான். அதனால் பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தப் பரிசோதனை செய்தோம். இரண்டும் சரியாக இருந்தன. மருத்துவர் சம்மதித்தார், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பிரித்தோம்.

ருசியில் வித்தியாசம் இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு உண்டு. புளிக்குழம்பிலும் சாம்பாரிலும் ரசத்திலும் யாருக்கும் தெரியவில்லை. தயிர்சாதத்தில் மட்டும் அப்பா முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார். மோரிலும் தெரியும். விலை சாதாரண உப்பைவிட நன்றாகவே அதிகம். நம் நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் (பொட்டாசியம் உப்பு) பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது அதற்கு ஒரு காரணம். கலவை விகிதமும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுகிறது. சிலவற்றில் சோடியம் 15 சதவீதம் மட்டுமே குறைவு. ஆய்வுகளில் வந்த பலன் 25, 30 சதவீதம் மாற்றிய உப்புக்கு வந்தது. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

என் தீர்ப்பு இதுதான். சிறுநீரகம் நன்றாக இருந்து, மருத்துவரும் சரி என்றால், மாற்றுவது குறைப்பதைவிட நம் வீடுகளுக்குப் பொருந்தும். காரணம், அது அம்மாவின் மன உறுதியை நம்பி நிற்கவில்லை. அத்தையைப் போன்றவர்களுக்குக் குறைப்பது ஒன்றே வழி. அதையும் நாக்கை நம்பிச் செய்யக்கூடாது, தராசை வைத்துச் செய்ய வேண்டும். போன வாரம் அத்தை வீட்டுக்குச் சின்னத் தராசு ஒன்று கொண்டுபோனேன். அவர்கள் மூன்று பேர், மாதத்துக்கு 450 கிராம். அதை மட்டும் அளந்து ஒரு டப்பாவில் போட்டு, மீதியைப் பரணில் ஏற்றிவிட்டோம். ஊறுகாய் ஜாடியும் அப்பளக் கட்டும் கூடவே மேலே போயின. "ஊறுகாயாவது கீழ இருக்கட்டுமேடா" என்று அத்தை கேட்டார். நாரத்தங்காய் மட்டும், வாரத்துக்கு ஒரு துண்டு என்று பேசி முடித்திருக்கிறோம்.