கோவூரின் லட்சமா, ராண்டியின் மில்லியனா?

அமானுஷ்ய சக்தி இருந்தால் காட்டு, பணம் தருகிறேன் என்று பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இலங்கையில் 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்தவர். கேட்டவை நம்மூர்ச் சாமியார் சங்கதிகள்: உறையிலிட்ட ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல், கால் கொப்பளிக்காமல் தணலில் அரை நிமிடம் அசையாமல் நில். (பூக்குழியில் நடப்பது வேறு, நிற்பது வேறு!) முன்பணமும் கட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்க மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி 1964-இல் தொடங்கிய பரிசு பிறகு பத்து லட்சம் டாலராக வளர்ந்தது. 2015-இல் நிறுத்தப்படும் வரை அங்கே சோதனை முறையை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டன. தோற்றபின் சாக்குச் சொல்ல வழியிருக்கவில்லை.

சோதனையின் நேர்த்திக்கு ராண்டி. ஊர்த் திண்ணையில் விவாதம் கிளப்ப, சந்தேகமில்லாமல் கோவூர். இரண்டில் எந்தப் பரிசையும் யாரும் வெல்லவில்லை.