ஆம்பூர் பைபாஸ் செருப்புக் கடை – அப்பாவுக்கு வாங்கினேன்

பேக்டரி மிச்ச சரக்கு விற்கிற சின்னக் கடை. "செருப்பு கொடுங்க பாய்" என்றால் சட்டென்று எடுத்துக் கொடுக்க மாட்டார். "சப்பலா, சாண்டலா, கட் ஷூவாம்மா?" என்று கேட்பார். சும்மா காலை நுழைத்துக்கொள்வது சப்பல். குதிகாலைச் சுற்றி வார் வந்தால் சாண்டல். லேஸ் இல்லாமல் விரலை மூடினால் கட் ஷூ.

அப்பாவுக்குச் சர்க்கரை; பாதம் மரத்துப்போய், சப்பல் கழன்றாலும் தெரியாது. பாய் அதைக் கேட்டுவிட்டு, பின்வார் வைத்த சாண்டலை எடுத்தார். உள்ளே விரல்விட்டு, தையல் முடிச்சு உறுத்துகிறதா என்று ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். தோல் அருமை, விலையும் நியாயம். பில் கேட்டால்தான் கிடைக்கும்.

காலில் புண் இருப்பவர்களுக்கு இந்தக் கடை வேண்டாம். டாக்டரிடம் காட்டி எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்குங்கள், அந்த மெத்து ரப்பர் இங்கே இல்லை.