ஒயிட் டவுனில் கிரேக்க வெண்கலங்கள்: ஒரு பழம்பொருள் கடை

புதுச்சேரி ஒயிட் டவுனில் பழம்பொருள் கடைகள் பல இருந்தாலும், கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் வெண்கலச் சிலைகளைச் சேகரிப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது பாரதி பூங்காவுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு சிறிய கடையைத்தான். அங்கே எந்தச் சிலையையும் கவிழ்த்து, அடிப்புறத்தை நிதானமாகப் பார்க்க விடுகிறார்கள்.

இது சிறிய சலுகையன்று. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வெண்கலங்கள் பெரும்பாலும் மணல் அச்சில் உள்ளே வெற்றாக, பகுதி பகுதியாக வார்க்கப்பட்டு, உட்புறம் ஆணியாலும் திருகாணியாலும் இணைக்கப்பட்டவை. சுவாமிமலையின் கனமான மெழுகு அச்சு வார்ப்புகளைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அந்த உள்வெறுமை மட்டமான வேலையாகத் தோன்றக்கூடும் என்பதால், கடைக்காரர் இணைப்புகளை விளக்கடியில் காட்டியே விளக்குகிறார்.

இப்போது அங்கிருப்பவற்றில் சிறந்தது, ரோமானியரின் தூதுத் தெய்வமான மெர்க்குரி. காற்றுத் தேவனின் வாயிலிருந்து எழும் மூச்சின் மேல் ஒற்றைக் கால் ஊன்றி நிற்கும் இவ்வடிவத்தின் மூலம், ஜம்போலோனா வடித்து இன்று ஃபுளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ள சிலை. கடையில் உள்ள சிறு வார்ப்பில் பாரிஸின் பார்பெடியன் பட்டறை முத்திரை இருக்கிறது. சிலைகளை அளவு பிசகாமல் சிறிதாக்கும் இயந்திரத்தை உருவாக்கிய அஷில் கோலாவுடன் சேர்ந்து ஃபெர்டினான் பார்பெடியன் 1838இல் தொடங்கிய பட்டறை அது. ஆனால் முத்திரையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. முடிந்த சிலையிலிருந்தே அச்செடுத்து மீண்டும் வார்த்தால் முத்திரையும் கூடவே பதிந்துவிடும். எனினும் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் உயரம் சற்றுக் குறையும், இறகின் வரிகளும் விரல் நுனிகளும் மழுங்கும். இந்த மெர்க்குரியின் கணுக்கால் சிறகுகளில் உளி வேலை கூர்மையாகவே தெரிகிறது.

துத்தநாகக் கலவையில் வார்த்து வெண்கல நிறம் ஏற்றிய, வேட்டைத் தெய்வமான டயானாவின் சிலை ஒன்றும் உண்டு. அதை அவ்வாறே எழுதி வைத்து, குறைந்த விலைக்கு விற்பது நேர்மையான செயல்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது, சில சிலைகளைப் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பதுதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கலாம். பழைய வெண்கலத்தின் பழுப்பு மேற்பரப்பைத் தேய்த்தெடுத்தால், பட்டறையில் கொடுத்த நிறமும் அதன்மேல் காலம் சேர்த்த சாயலும் திரும்பி வாரா. விலைச்சீட்டும் எல்லாவற்றிலும் இல்லை.

100 ஆண்டுகளைக் கடந்த சிலைகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டவை. விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நான் கேட்காமலேயே கடைக்காரர் உரிமத்தைக் காட்டினார். பதிவுச் சான்றையும் ரசீதோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.