கருநீலம்: சுவருக்கா, கதவுக்கா?

நேவி ப்ளூ அடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஷேடு கார்டைப் பிரிப்பதற்கு முன்னால், சுவரின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் தரைத்தள வீடு என்றால் கட்டாயம் பாருங்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு தரைத்தளம். ஹாலில் ஒரே ஒரு சுவருக்குக் கருநீல எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) அடித்தோம். புரட்டாசி வரைக்கும் வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்ததும், முழங்கால் உயரத்துக்குக் கோலமாவு தூவியதுபோல் உப்பு பூத்துவிட்டது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். ஈரம் காய்ந்துவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். வெள்ளைச் சுவரிலும் இதே கதைதான், ஆனால் சட்டென்று கண்ணில் படாது. கருநீலத்தில் வாசற்படியிலிருந்தே தெரிகிறது. நான் ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்ததும் இன்னும் அகலமாகப் படர்ந்தது. காய்ந்த பிரஷால் தட்டி எடுத்திருக்க வேண்டும். ஓதத்தை, அதாவது கீழிருந்து ஏறும் ஈரத்தை, நிறுத்தாமல் மேலே எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் பொரிந்துதான் விழும்.

ராயபுரத்தில் அக்கா வேறு மாதிரி செய்தாள். சுவரெல்லாம் வெள்ளை, அறைக் கதவுகள், அலமாரி, லாஃப்ட் கதவுக்கு மட்டும் கருநீல எனாமல் (கதவுக்கு அடிக்கும் ஆயில் பெயிண்ட்). பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க 2 நாள் ஆனது, எனாமல் வாடையும் சில நாள் இருந்தது. ஆனால் துறைமுகத்து லாரிப் புழுதியும் பிள்ளைகளின் கைரேகையும் ஒரு துடைப்பில் போய்விடுகின்றன. என் சுவரோ பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். சோபாவில் தலை சாய்க்கிற இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்து நிற்கிறது. பளபளப்பான ஷீன் ஃபினிஷ் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். அதற்குப் பட்டி (சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) சுத்தமாகப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் மேடுபள்ளம் எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

வெளிச்சத்தையும் யோசியுங்கள். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். கருநீலம் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் 10க்கு 10 அறையில் நாலு சுவருக்கும் இதை அடித்தால் பட்டப்பகலிலேயே லைட் போட வேண்டியதுதான். ஒரு சுவருக்கு மட்டும் என்றால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தேர்ந்தெடுங்கள், அங்கேதான் நீலம் நீலமாகத் தெரியும். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே அடித்தால் பகலில் கறுப்பாகத்தான் தெரியும். மஞ்சள் பல்பின் கீழும் கறுப்பை நோக்கியே போகும்.

செலவிலும் வித்தியாசம் உண்டு. அடர்நிறத்துக்குத் தனி பேஸ் (சாயம் கலப்பதற்கான அடிப்படை பெயிண்ட்) வேண்டும், சாயமும் அதிகம் சேரும், விலை ஏறும். வெள்ளை பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் 2 கோட்டிங் போதவில்லை, எங்களுக்கு 3 ஆனது. பிரைமரிலேயே சாம்பல் நிறம் கலந்திருந்தால் ஒன்று மிச்சம்.

மாடி வீடு, காய்ந்த சுவர் என்றால் ஒரு சுவருக்குத் தைரியமாக அடிக்கலாம். தரைத்தளம் என்றால் அக்கா வழிதான். சித்திரை வெயிலில் எங்கள் சுவர் நன்றாகக் காயட்டும், சுரண்டிவிட்டு வெள்ளைக்கே திரும்புகிறோம். கதவுக்கு 1 லிட்டர் கருநீல எனாமல் இப்போதே வாங்கி வைத்தாயிற்று.